இலங்கை தெரியாத கடற்கரை

பழனி அந்தத் தடவை லீவில் வந்தபோது தோளில் ஒரு கேமரா தொங்கியது. பட்டாளத்தில் அவனோடு இருந்த மலையாளி ஒருவனிடம் இரவல் வாங்கியது. அந்த மலையாளி, பெண்டாட்டி பிள்ளைகளோடு கடற்கரையில் நின்று எடுத்துக்கொண்ட படத்தைத் தன் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தானாம். பின்னால் அலை, முன்னால் பிள்ளைகள், எல்லார் தலைமுடியும் காற்றில் ஒரே பக்கமாகப் பறக்கிறது. அவன் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். தனக்கும் அப்படி ஒரு படம் வேண்டும் என்று பழனிக்கு ஆசை வந்துவிட்டது. வடக்கனந்தலில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் காலை வைத்தவன், தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னான்: "இந்தத் தபா நாம எல்லாரும் கடலுக்குப் போறோம்."

"வந்ததும் வராததுமா இன்னாடா கடலு?" என்றாள் அவன் அம்மா காசியம்மாள்.

கோகிலவாணியும் பாரதியும் குதித்தார்கள். செவ்வந்தி சொம்பை நீட்டியபடியே கேமராவைப் பார்த்தாள். அவளுக்கு ஏனோ அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

செவ்வந்தி எதற்கும் சட்டென்று பயப்படுகிறவள் இல்லை. கல்யாணமாகி வந்த வருஷமே பழனி பட்டாளத்துக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து மலையடிவாரத்தில் இருக்கிற அவர்களுடைய கரும்புக்கொல்லையும் மரவள்ளிக்கொல்லையும் அவள் பொறுப்புதான். கரும்பு வெட்ட வருகிற ஆட்களிடம் பேசி முடிப்பது, பம்புசெட்டுக்கு எப்போது கரண்டு வந்தாலும் ஓடிப்போய் மடை திருப்புவது, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற காட்டுப்பன்றிகளை டின் தட்டி விரட்டுவது, எல்லாம் அவளே. மாமியார்கூட, "எம்மவன் ஊட்ல இருந்திருந்தாகூட இவ்ளோ பாத்திருக்க மாட்டான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள், மருமகள் காதில் விழாத தூரத்தில்.

ஆனால் ஆடி மாசத்திலிருந்து அவள் பழைய செவ்வந்தி இல்லை. நம் பட்டாளம் இலங்கைக்குப் போகிறது என்று ரேடியோவில் சொன்ன நாள் முதல், செய்தி நேரத்தில் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். சமாதானத்துக்குத்தான் போகிறார்கள், சண்டைக்கு இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். சமாதானத்துக்குப் போகிறவன் எதற்குத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. பழனி எழுதிய கடிதங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

எந்தக் கடலுக்குப் போவது என்பதில் பேச்சு வளர்ந்தது. காசியம்மாளுக்கு ராமேஸ்வரம். "கடலும் பாத்தாப்ல ஆச்சி, உங்கப்பனுக்குத் திதி குடுத்தாப்லயும் ஆச்சி" என்றாள். பழனிக்கு மெட்ராஸ் மெரினா. அங்கே கலங்கரை விளக்கம் இருக்கிறது, பின்னால் அது தெரிகிற மாதிரி நின்றால் படம் எடுப்பாக இருக்கும். பாண்டிச்சேரி வேண்டாம் என்று அவனே தள்ளிவிட்டான்: "அங்க மணலே கம்மி. கருங்கல்லா கொட்டி வெச்சிருக்கான். புள்ளைங்க எங்க ஓடும்?"

ஒவ்வொரு ஊர்ப் பெயர் வரும்போதும் செவ்வந்தி அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"அங்க நின்னா இலங்கை தெரியுமா?"

ராமேஸ்வரத்துக்குக் கேட்டபோது, "கிட்டதான், ஆனா கண்ணுக்குத் தெரியாது" என்றான் பழனி. மெரினாவுக்குக் கேட்டபோது சிரித்தான். மகாபலிபுரத்துக்கும் அவள் அதையே கேட்டதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பழனி அப்போது சிரிக்கவில்லை. கேமராவின் தோல் உறையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான்.

"ராமேஸ்வரம் மட்டும் வேணாம் அத்தை" என்றாள் செவ்வந்தி. "அம்மாந்தூரம் புள்ளைங்களக் கூட்டிக்கினு ஆவாது." மாமியார் முகம் சுருங்கியது. செவ்வந்திக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை.

கடைசியில் அந்தப் பேச்சை முடித்துவைத்தது அவள் தம்பி தங்கதுரை. சங்கராபுரத்திலிருந்து சைக்கிளில் வந்தான். சட்டைப் பையில் நோட்டீசு, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. எஸ்.எஸ்.எல்.சி. படித்து, டைப்ரைட்டிங் முடித்து, எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறவன். தங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு நடக்கப்போகிற மறியலுக்கு ஊர் ஊராக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"புரட்டாசி பொறந்துச்சின்னா ஒரு வாரத்துக்கு ஒரு வண்டி ஓடாது மாமா. மரம் வெட்டிப் போடப்போறோம். எங்கனா போறதா இருந்தா அதுக்குள்ள போய்ட்டு வந்துடுங்க."

"என் லீவு அந்த வாரத்துல முடியுதேடா மச்சான்."

"அப்ப முன்னாடியே கெளம்பிடுங்க மாமா. மாட்டிக்கினா நான்கூட ஒண்ணும் பண்ண முடியாது." பிறகு அக்காவிடம் திரும்பி, "எங்களுக்கு வேற வழி இல்லக்கா. எவ்ளோ நாளு கேட்டுக்கினே இருக்கறது?" என்றான்.

"கேளுடா. ஆனா போலீசு சுட்டா நீ முன்னாடி நிக்காத" என்றாள் செவ்வந்தி. அவன் சைக்கிளை எடுத்தான்.

அதற்குமேல் மெரினாவைப் பற்றிப் பேச இடமில்லை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரத்தில் இருக்கிற கடல் ஒன்றே ஒன்றுதான்: கடலூர், தேவனாம்பட்டினம். மறியலுக்கு முந்தின நாள் போய்விட்டு வருவது, மறுநாள் விடிவதற்குள் பழனி எப்படியாவது மெட்ராசுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவானது. "அங்கருந்தும் இலங்கை தெரியாது" என்றான் பழனி, அவள் கேட்கும் முன்பே. காசியம்மாள் கோபத்தில் வர மறுத்துவிட்டாள்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினார்கள். உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் பிள்ளைகள் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தன. செவ்வந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையோரப் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சில மரங்களின் அடியில் ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மரத்தைச் சுற்றி வந்து கையால் தட்டிப் பார்த்தான். பண்ருட்டி தாண்டும்வரை அவள் கையிலிருந்த சோற்றுத்தூக்கை மடியை விட்டு இறக்கவே இல்லை.

தேவனாம்பட்டினத்தில் மணலேறி நின்றதும் அவளுக்கு முதலில் காதுதான் அடைத்தது. இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் சொல்லவில்லை. கோமுகி அணையில் தண்ணீர் நிரம்பி நிற்பதைப் பார்த்திருக்கிறாள். அதற்கு அந்தப் பக்கம் மலை இருக்கும். இதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அவள் இரண்டு பிள்ளைகளின் கையையும் இறுக்கிப் பிடித்தாள். பாரதி, "வலிக்குதும்மா" என்று கத்தினான்.

பழனி இடம் தேட ஆரம்பித்தான். இங்கே வலை காய்கிறது, அங்கே கருவாடு, இன்னொரு பக்கம் கட்டுமரங்களின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் முகத்தில் விழவேண்டும், ஆனால் கண் கூசக்கூடாது. மணலில் மேலும் கீழுமாக நடந்து, கடைசியில் ஓர் இடத்தில் நின்று கையை ஆட்டினான். பின்னால் வெறும் கடல், வேறு எதுவும் இல்லை.

"வாங்க, இங்க நில்லுங்க. செவ்வந்தி, நீ இந்தப் பக்கம்."

செவ்வந்தி அசையவில்லை. "அந்தச் சவுக்குத் தோப்புக்கு முன்னாடி நிக்கலாங்க" என்றாள்.

"சவுக்குத் தோப்பா? அதுக்கா கடலூர் வந்தோம்? நம்ம ஊர்ல இல்லாத சவுக்கா?"

"நெழலா இருக்குது."

"நெழல்ல படம் கருப்பா வரும்."

"கருப்பா வந்தா வரட்டும். நீங்க கடலுக்கு முதுகக் காட்டிக்கினு நிக்காதீங்க."

குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழனி கேமராவை இறக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான். பிள்ளைகள் அதற்குள் நண்டு வளை தோண்டப் போய்விட்டிருந்தன.

"எந்தப் பக்கங்க இலங்கை?" என்று கேட்டாள்.

பழனி தெற்கே கையைக் காட்டினான். அங்கே மற்ற இடம் மாதிரிதான் இருந்தது. தண்ணீர், வெயில், தூரத்தில் ஒரு பாய்மரம்.

"மெட்ராஸ் போனதும் கப்பல்ல ஏத்தறாங்க. லீவு குடுத்ததே அதுக்குத்தான். சொல்லணும்னுதான் இருந்தேன்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"கேமராவ எடுத்துக்கினு வந்தீங்களே. அன்னிக்கே தெரியும்."

பழனியின் முகம் விழுந்துவிட்டது. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவன் முகம் அப்படி ஆகி அவள் பார்த்ததில்லை. தேற்றவேண்டியது யார் யாரை என்று தெரியாமல் இருவரும் நின்றார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் பம்புசெட்டு ஓடுவது மாதிரி ஒரே அடிப்பு. ஆனால் சொல்லிவிட்டான் என்பதில் ஏதோ ஒரு பாரம் இறங்கவும் செய்தது.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அமிர்தம் என்கிற அம்மாளைப் பழனி கெஞ்சிக் கூட்டிவந்தான். எல்லாரும் சேர்ந்து நிற்கும்போது பொத்தானை அமுக்க ஓர் ஆள் வேண்டுமே. அமிர்தம் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, "மீன் நாத்தம் ஒட்டிக்கப் போவுது சாமி" என்று பயந்துகொண்டே வாங்கினாள். முதலில் சவுக்குத் தோப்புக்கு முன்னால் நின்றார்கள். பிறகு கடல் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி. கடைசியில் செவ்வந்தியே, "ஒண்ணே ஒண்ணு, நீங்க நெனச்ச மாதிரி எடுத்துக்கலாம்" என்று கடலுக்கு முன்னால் போய் நின்றாள். அலை ஒவ்வொரு தடவை உடையும்போதும் தோள் துணுக்கென்றது. அவள் பழனியின் சட்டையைப் பின்பக்கம் கொத்தாகப் பிடித்திருந்தாள். அது படத்தில் தெரியாது.

"எந்த ஊரு நீங்க?" என்று கேட்டாள் அமிர்தம்.

"கள்ளக்குறிச்சிப் பக்கம். அவுரு மிலிட்டரி."

அமிர்தம் தெற்கே ஒரு பார்வை பார்த்தாள். "எங்க ஆளுங்களும் தெனம் போவுதுங்க. வந்துதான சேருதுங்க" என்று சொல்லிவிட்டு மீனுக்கு வந்த காக்கையை விரட்டப் போனாள்.

திரும்பும்போது பண்ருட்டியில் பஸ் நின்றுவிட்டது. மறியல் மறுநாள்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அதுவரை பொறுக்காமல் ஊருக்கு வெளியே யாரோ ஒரு புளியமரத்தைச் சாய்த்துவிட்டார்கள். அதற்கு அப்பால் இன்னொன்று, அதற்கு அப்பாலும் விழுந்திருக்கிறது என்று எதிரே நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். கண்டக்டர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

செவ்வந்திக்கு அந்த மரத்தைப் பற்றிக் கேட்ட மாத்திரத்தில் ஒரு சந்தோஷம் பொங்கியது. ரோடு இல்லை. இவர் போகமுடியாது. அவ்வளவுதான். கப்பல் இவரில்லாமல் போகட்டும். தம்பியே வெட்டியிருந்தாலும் அவன் கை நன்றாயிருக்கட்டும்.

"ரெண்டு நாளு லேட்டாப் போனா இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

பழனி தரையைப் பார்த்துச் சொன்னான். "வேற நேரமா இருந்தா தண்டனையோட போவும். கப்பல் ஏர்ற நேரத்துல வராதவன ஓடிப்போனவன்னுதான் எழுதுவாங்க. தேடிக்கினு ஊட்டுக்கு வருவாங்க."

அந்தச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே வடிந்தது. வாசலில் போலீசு நிற்பதும், காசியம்மாள் மாரில் அடித்துக்கொள்வதும் கண்முன் வந்தன. பிள்ளைகள் காதில் விழ, அவனை ஓடிப்போனவன் என்று ஊர் சொல்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் மட்டும் போகாமல் இருக்கவேண்டும், கெட்ட பெயரும் வரக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தாள். அந்த நேரத்தில் தூரத்தில் ரயில் கூவியது.

"இந்த ஊர்ல ஸ்டேசன் இருக்குதுல்ல" என்றாள். அதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. "மெட்ராஸ் ரயிலு வருமில்ல. இங்கருந்தே போய்டுங்க."

"உங்கள உட்டுட்டா? பொட்டி துணியெல்லாம் ஊட்ல கெடக்குதே."

"பேப்பரும் கார்டும் சட்டப்பையிலதான வெச்சிருக்கீங்க? துணி அவங்க குடுப்பாங்க. நாளைக்கி ரயிலும் நிக்கும்னு பேசிக்கிறாங்க. புள்ளைங்கள நான் கொண்டுபோய்ச் சேத்துடுவேன்."

ஸ்டேசனுக்கு நடந்து போய்ப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார்கள். பாரதி தூங்கிவிட்டிருந்தான். கோகிலவாணி மட்டும், "அப்பா, போட்டோ எப்ப வரும்?" என்று கேட்டாள். கேமராவைச் செவ்வந்தி கழுத்தில் மாட்டிவிட்டு, "அதுல ரோலு முடிஞ்சிடுச்சி. ஸ்டுடியோவுல குடுத்துக் கழுவி எனக்கு ஒண்ணு அனுப்பு. கேமராவ அவங்கிட்ட அப்புறம் குடுத்துக்கலாம்" என்றான். ரயில் வந்தது. ஜன்னல் வழியாக நீட்டிய கையை அவள் தொட்டாளோ இல்லையோ, வண்டி நகர்ந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. கள்ளக்குறிச்சிப் பக்கம் போகவேண்டியவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து நடந்தார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பஸ் ஒன்று, இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்குமாக ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அதில் கொஞ்ச தூரம் போனார்கள். அடுத்த மரத்தடியில் பையன்கள் வழிமறித்து ஒவ்வொருவரையும், "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்பது ஊரை இல்லை என்று செவ்வந்திக்குத் தெரியும். அவள் சொன்னதும், "போங்கக்கா" என்று ஒருவன் தூங்குகிற பாரதியை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிக் கொடுத்தான். அவளுக்குப் பின்னால் கூடையோடு வந்த பெண் பதில் சொல்ல முடியாமல் நின்றுவிட்டாள். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்துக் காலனிக்காரி, கறிவேப்பிலை விற்றுவிட்டுத் திரும்புகிறவள். பையன்களின் பார்வை மாறுவதைச் செவ்வந்தி கவனித்தாள். இருந்தாலும் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்தாள். "இவங்க எங்கூட வராங்க. ஒரே வண்டியில வந்தோம். நகருங்கடா" என்றாள். குரல் நடுங்காமல் வந்ததே பெரிது. பையன்கள் ஒதுங்கினார்கள்.

அன்றைக்கு உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் தங்கி, மறுநாள் வயல் பாதையில் வந்த கரும்பு டிராக்டர் ஒன்றில் தொற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். காசியம்மாள், மகன் வரவில்லை என்று கண்டதும் எதுவும் கேட்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் வந்த செய்தி ஒன்றும் நல்லதாக இல்லை. பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு, சாவு, எங்கெங்கோ குடிசைகள் எரிந்தன என்று பேச்சு. தங்கதுரையைத் தேடிப் போலீசு சங்கராபுரத்து வீட்டுக்கும் வந்தது, வடக்கனந்தலுக்கும் வந்தது. அவன் கல்வராயன் மலைமேல் தெரிந்தவர் ஒருவரின் சாமைக்காட்டுக் குடிசையில் ஒளிந்திருந்தான். செவ்வந்திக்கு மட்டும் தெரியும். கொல்லையில் நிற்கும்போது மலையைப் பார்த்தால் தம்பி நினைவு, ரேடியோவைத் திருப்பினால் புருஷன் நினைவு. ஐப்பசி மழையில் தங்கதுரை குளிர்க்காய்ச்சலோடு இறங்கி வந்தான். அதே சமயத்தில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டுவிட்டது என்று ரேடியோ சொன்னது. சமாதானம் என்கிற வார்த்தை செய்தியிலிருந்தே காணாமல் போயிற்று.

கேமராவை அவள் தொடவில்லை. டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஸ்டுடியோவில் கொடுக்க அவளுக்குப் பயம். ஊரில் பெரிதாகப் படம் போட்டு வீட்டில் மாட்டுகிறார்கள் என்றால் அது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். அவன் அங்கே இருக்கும்போது இங்கே அவன் படத்தைக் கையில் வாங்கமாட்டேன் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். கோகிலவாணி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

மார்கழியில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே கேள்வி: போட்டோ ஏன் இன்னும் வரவில்லை? கூட இருக்கிற மலையாளி தினம் கேட்கிறானாம்.

செவ்வந்தி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு முகம் கழுவி, கேமராவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். ஸ்டுடியோக்காரர் ரோலைப் பார்த்து, "இம்மாம் நாளு வெச்சிட்டீங்களே, இன்னா வருதோ" என்றார். அவர் சொன்ன நாள்வரைக்கும் அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். பாதிப் படம் பழுத்துப்போயிருந்தது. நன்றாக வந்தவை இரண்டு. ஒன்றில் சவுக்குத் தோப்பு, மற்றதில் பின்னால் கடல்.

எதை அனுப்புவது என்று ஸ்டுடியோ வாசலிலேயே நின்று யோசித்தாள். கடல் இருந்த படம்தான் அழகு. அவன் ஆசைப்பட்டதும் அதுதான். ஆனாலும் சவுக்குத் தோப்புப் படத்தை உறைக்குள் போட்டாள். தை மாசம் பதில் வந்தது. "நல்லதையே அனுப்பினாய். இங்கே கடலைப் பார்த்துப் பார்த்துக் கண் அலுத்துவிட்டது. மரத்தைப் பார்க்க ஆறுதலாக இருக்கிறது" என்று எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. ஒதுக்கீடும் வந்தது. ஆனால் தங்கதுரைக்கு வேலைக்கு வயசு தாண்டிவிட்டது. சங்கராபுரத்தில் உரக்கடை வைத்துக்கொண்டான். "என் புள்ளைக்கி ஆவும்க்கா" என்று மட்டும் சொல்வான்.

பழனி ஒரு பங்குனி மாசத்தில், கடைசியாகத் திரும்பிய கப்பல்களில் ஒன்றில் வந்து சேர்ந்தான். முழங்காலில் குண்டுச் சில்லு பாய்ந்த தழும்பு, நடையில் ஒரு சாய்வு. பட்டாளத்தை விட்டு விலகி, கரும்பாலை ஒன்றில் காவல் வேலைக்குச் சேர்ந்தான். இலங்கையில் நடந்ததைப் பற்றி அவன் பேசவில்லை. அவளும் கிளறவில்லை.

ஆனால் பயம் என்பது சொன்னவுடன் இறங்கிப் போகிற விருந்தாளி இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி தெருவில் கேட்டால், அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுகூடச் செவ்வந்தியின் கை கரண்டியோடு அப்படியே நிற்கும். மணி தாண்டிப் போனபிறகுதான் குழம்பு ஊற்றுவாள்.

"நான் இங்கதான இருக்கேன்" என்பான் பழனி.

"இருக்கீங்க" என்பாள் அவள். "கொஞ்ச நாளு போவட்டும்."